மூடியைத் திறக்க முடியுமா?

அக்கா மகளுக்குத் திருச்சிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் கிடைத்தது. கலந்தாய்வு முடிந்த மறுவாரம் மாயவரத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

"தம்பி, லேப்டாப் வாங்கணுமாம். சீனியர் பொண்ணு ஒண்ணு லிஸ்ட் அனுப்பியிருக்கு. ஒரு லட்சத்துக்குக் கொறஞ்சு அதுல ஒண்ணுமே இல்ல. ரெட்டை வடத்தை பேங்க்ல வச்சிரலாமான்னு பாக்குறேன்."

"நகையைத் தொடாதக்கா. ரெண்டு பேரும் மெட்ராஸ் கிளம்பி வாங்க" என்றேன். போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. 1998-இல் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா அம்மாவிடம் இதையேதான் சொன்னார். "நகையைத் தொட வேணாம். சங்கத்துல லோன் போட்டுக்கறேன்."

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். அதுவரை கணினியைத் தொட்டதெல்லாம் கல்லூரி லேபில்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கல்லூரியிலேயே ஏ.சி. உள்ள அறை முதல்வருடையதும் அதுவும்தான். அறுபது பேருக்கு '486' வகைக் கணினிகள் முப்பது. அவற்றில் நாலைந்து எப்போதும் படுத்திருக்கும். புரோகிராமை அப்சர்வேஷன் நோட்டில் எழுதி, சாரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் உட்கார முடியும். ஒரு கணினிக்கு இரண்டு பேர், ஒன்றரை மணி நேரம். டர்போ சி ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதைச் சொல்லிக் காட்டி, அதைத் திருத்தி மறுபடி ஓடவிடுவதற்குள் மணி அடித்துவிடும். மீதியை விடுதிக்குப் போய்த் தாளிலேயே ஓட்டிப் பார்ப்போம். மாறிகளின் மதிப்பைக் கட்டம் போட்டு எழுதி, வரிவரியாக விரல் வைத்து. நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அது பற்றாக்குறை கொடுத்த பயிற்சி. அதை இன்றைய பிள்ளைகளுக்கு நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் கணினி இருந்த நாலு பேர் எங்கள் வகுப்பில் எவ்வளவு வேகமாக முன்னேறினார்கள் என்பதைப் பார்த்தவன் நான்.

எங்கள் ஊரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில் ஒரு அண்ணன் கணினி அசெம்பிள் செய்து கொடுப்பார். அவரோடு அப்பாவும் நானும் ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலை பாரிமுனையில் இறங்கினோம். அப்போது வெளியூர் பஸ் எல்லாம் அங்கேதான் வரும். கோயம்பேடு திறந்தது 2002-இல். பத்து மணிக்கு மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவில் நின்றோம். மஞ்சப்பையில் பணத்தை வைத்து, அந்தப் பையைச் சட்டைக்குள் இடுப்போடு கட்டியிருந்தார் அப்பா. அவருடைய ஒரு வருடச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதில் இருந்தது.

அந்தத் தெருவில் யாரும் 'கம்ப்யூட்டர்' என்று ஒன்றைக் கேட்டு வாங்கவில்லை. பாகம் பாகமாக வாங்கினோம். ஒரு கடையில் போர்டும் பிராசஸரும், இன்னொன்றில் ஹார்ட் டிஸ்க், சந்துக்குள் ஒரு மாடியில் கேபினெட், எதிர்க்கடையில் 14 அங்குல மானிட்டர். பென்டியம் எம்.எம்.எக்ஸ். 200 மெகாஹெர்ட்ஸ், 32 மெகாபைட் ரேம், 2.1 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். ஒவ்வொன்றுக்கும் அண்ணன் துண்டுச் சீட்டில் விலை எழுதினார், அப்பா ஒவ்வொன்றையும் கேட்டார். "இது என்ன பண்ணும்? இது இல்லாட்டி ஓடாதா?" சங்கத்துக் கணக்கைச் சரிபார்க்கிற அதே கவனம். சாயங்காலம் ஆவதற்குள், கணினியைத் தொட்டிராத என் அப்பாவுக்கு, ஒரு கணினிக்குள் என்னென்ன இருக்கிறது, எது என்ன விலை, எதைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்பது தெரிந்திருந்தது. "ரேமை இப்ப 32 போதும் தம்பி. இன்னொரு ஸ்லாட் காலியா இருக்குல்ல, அடுத்த வருஷம் போட்டுக்கலாம்" என்று அவரே சொன்னார்.

மறுநாள் எங்கள் கூடத்தில் பழைய போர்வையை விரித்து அதன்மேல் வைத்து அண்ணன் பூட்டினார். என்னைத்தான் செய்யச் சொன்னார். போர்டின் 66 மெகாஹெர்ட்ஸை மூன்றால் பெருக்கினால் கிட்டத்தட்ட 200 வரும், அதற்கு ஜம்பரை இங்கே மாற்று. கேபிளின் சிவப்பு ஓரம் ஒன்றாம் பின் பக்கம் இருக்க வேண்டும். பவர் சப்ளையிலிருந்து வரும் இரண்டு கொத்துக் கம்பிகளை மாட்டும்போது கருப்பும் கருப்பும் நடுவில் சேர வேண்டும். மாறினால் போர்டு போய்விடும். முப்பது வருடம் ஆகப்போகிறது. அந்தக் 'கருப்பும் கருப்பும்' இன்னும் என் விரலில் இருக்கிறது. கணினி உயிர் பெற்று ஒரே ஒரு 'பீப்' கொடுத்தபோது அம்மா மானிட்டருக்குக் குங்குமம் வைத்தாள்.

பிறகு அது கோளாறு செய்யும்போதெல்லாம் நானே திறந்தேன். தொடர்ந்து பீப் அடித்தால் ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்ட வேண்டும். பத்துக்கு எட்டு முறை அதோடு சரியாகிவிடும்.

ஒரு முறை மட்டும் ஆகவில்லை. 1999 ஏப்ரல் 26. விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. சி.ஐ.எச். வைரஸ். தைவானில் சென் இங்-ஹாவ் என்ற கல்லூரி மாணவர் எழுதியது. பெயரின் முதல் எழுத்துகள்தான் வைரஸின் பெயர். செர்னோபில் விபத்து நடந்த அதே தேதியில் வெடித்ததால் உலகம் அதைச் செர்னோபில் வைரஸ் என்றது. ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழிப்பதோடு, சில போர்டுகளில் கணினியைக் கிளப்பும் பயாஸ் சிப்பில் உள்ளதையும் அது சிதைத்துவிடும். இன்டெல் 430 டி.எக்ஸ். வகை போர்டுகள் அதற்கு வாகாக மாட்டின. எங்களுடையது அந்த வகை. நண்பனிடம் வாங்கிய ஒரு விளையாட்டு சி.டி. வழியாக வந்திருக்க வேண்டும்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் பதினான்கு தவணை பாக்கி இருந்தது.

அண்ணன் வந்தார். அதே மாடல் போர்டு உள்ள இன்னொரு வாடிக்கையாளர் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த நல்ல பயாஸ் சிப்பை லேசாகத் தளர்த்தி அடியில் நூலைக் கட்டிவிட்டு, கணினியை ஃப்ளாப்பியில் கிளப்பினார். கிளம்பிய பிறகு பயாஸ் நினைவகத்துக்கு நகலாகிவிடும், சிப் இல்லாவிட்டாலும் ஓடும் என்று விளக்கிக்கொண்டே, ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து நூலைப் பிடித்து நல்ல சிப்பைத் தூக்கினார். அந்த இடத்தில் எங்கள் செத்த சிப்பை அழுத்தினார். ஃப்ளாப்பியிலிருந்து பயாஸை அதில் எழுதினார். எங்கள் வீட்டுக்கு வந்து மாட்டினோம். ஓடியது. 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததெல்லாம் போனது, என் மூன்றாம் ஆண்டு மினி பிராஜக்ட் உட்பட. ஆனால் 41,500 ரூபாய்க் கணினி குப்பைக்குப் போகவில்லை. காரணம் ஒன்றுதான். அந்தச் சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தது, பற்றவைக்கப்படவில்லை.

கல்லூரிப் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கப் போகும் பெற்றோரிடம் நான் சொல்ல நினைப்பது முழுவதும் இந்தச் சம்பவத்துக்குள் இருக்கிறது.

2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. சித்தி மகள் அடுத்த வருடம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தாள், அவளுக்கும் கிடைத்தது. எங்கள் உறவில் ஒரு பெண்ணின் பெயரில் வந்த முதல் கணினி அது. விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இரண்டுமே அதில் இருந்தன. அந்தத் திட்டத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அவள் பி.எஸ்சி. முடித்து வேலைக்குப் போனது அந்த இயந்திரத்தின் முதுகில் ஏறித்தான். 2017-இல் மிகவும் மெதுவாகிவிட்டது என்று கொண்டுவந்தாள். அடியில் ஒரு சின்ன மூடி, இரண்டு திருகு. காலி ஸ்லாட்டில் இன்னொரு ரேம் போட்டேன். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. வைத்தேன். பாட்டரி தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வரும், புதிதாக ஒன்று மாட்டினோம். லினக்ஸில் இன்றும் அவள் வீட்டில் ஓடுகிறது. அவள் பையன் அதில் தமிழ் தட்டச்சு பழகுகிறான்.

2021-இல் எனக்காக நான் ஒன்று வாங்கினேன். மெல்லியது, அழகானது, 62,000 ரூபாய். மூன்றாம் வருடம் ஒருநாள் சார்ஜ் ஏறவில்லை. சர்வீஸ் சென்டரில் அரை மணி பார்த்துவிட்டு, "போர்டு மாத்தணும் சார், 36,000 ஆகும்" என்றார்கள். சார்ஜ் ஏறாததற்கு எதற்குப் போர்டு? "எல்லாமே போர்டுலதான் சார் இருக்கு. ரேமும் அதுலயே." உள்ளே இருக்கும் என் கோப்புகள்? "அதுக்கு கியாரண்டி இல்ல."

அதைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குத்தான் போனேன். மாடியில் 'சிப் லெவல் சர்வீஸ்' என்று பலகை மாட்டிய எட்டடி அறை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்த இளைஞர் ஒரு மணி நேரத்தில் கருகிப்போன ஒரு ஐ.சி.யைக் கண்டுபிடித்து மாற்றினார். 2,200 ரூபாய். பணத்தை வாங்கிக்கொண்டு சொன்னார்: "இந்தத் தடவை ஐ.சி. சார், தப்பிச்சீங்க. ரேம் போயிருந்தா நானும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அடுத்து வாங்கறப்ப ஸ்லாட் இருக்கான்னு பாத்து வாங்குங்க."

கம்பெனிகள் காரணமில்லாமல் ரேமைப் பற்றவைக்கவில்லை. அந்த வகை ரேம் மின்சாரம் குறைவாக எடுக்கும், இடத்தை அடைக்காது, பாட்டரி கூடுதல் நேரம் நிற்கும். ஊர் ஊராகப் பறந்து வேலை பார்ப்பவருக்கு அது லாபம்தான். நாலு வருடம் ஒரே இயந்திரத்தோடு மல்லுக்கட்டப் போகும் மாணவிக்கு, நாலாம் வருடப் பாடத்துக்கு என்ன தேவைப்படும் என்று முதல் வருடம் தெரியாதவளுக்கு, அது நட்டம்.

2025 ஆகஸ்டில் அக்காவும் மகளும் வந்தார்கள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி முதலில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். மருமகள் கையில் சீனியரின் லிஸ்ட். எல்லாம் கேமிங் லேப்டாப். தனி கிராபிக்ஸ் கார்டு, இரண்டரைக் கிலோ எடை, செங்கல் மாதிரி அடாப்டர்.

"மாமா, சிவிலுக்கு கிராபிக்ஸ் கார்டு கண்டிப்பா வேணும்னு சீனியர் அக்கா சொன்னாங்க."

சிவில் மாணவி முதல் இரண்டு வருடம் ஆட்டோகேடில் போடுவது பெரும்பாலும் தட்டையான வரைபடம். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அதற்குப் போதும். பின்னால் ரெவிட் மென்பொருள் வரும்போது முதலில் திணறுவது ரேம். அதற்குத்தான் 16 ஜி.பி. வேண்டும். ஆட்டோகேடும் ரெவிட்டும் மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் இலவசமாகவே தருகிறது, வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டால் போதும். பத்தாயிரம் கொடுத்து யாரிடமும் 'லோட்' செய்ய வேண்டாம். மேக்புக் அவள் கண்ணில் பட்டது. பி.காம். படிப்பவருக்கும் இலக்கியம் படிப்பவருக்கும் அருமையான இயந்திரம். ஆனால் ரெவிட்டும் ஸ்டாட் புரோவும் விண்டோஸில்தான் ஓடும், சிவிலுக்கு அது ஒத்துவராது. அனிமேஷன் படிக்கிற பிள்ளை என்றால் நானே தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்லியிருப்பேன்.

விற்பனைத் தம்பி நல்ல பையன், அவனுக்கும் மாத இலக்கு இருக்கும். "இது ஏ.ஐ. லேப்டாப் மேடம்" என்று அக்காவிடம் ஒன்றைக் காட்டினான். மருமகளிடம் ஏ.ஐ. என்றால் எதைப் பயன்படுத்துகிறாய் என்று கேட்டேன். சாட்ஜிபிடி என்றாள். அது ஓடுவது எங்கோ இருக்கும் சர்வரில். அதைத் திறக்க ஒரு பிரவுசர் போதும். அந்த ஸ்டிக்கருக்காக இருபதாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்றேன். அடுத்து நோ காஸ்ட் இ.எம்.ஐ. வட்டியே இல்லை என்றான். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் காணாமல் போகும். வட்டி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. "மொத்தமாக் குடுத்தா எவ்வளவு?" என்று கேட்டேன். விலை இறங்கியது.

நேரம் பிடித்தது பிராசஸர் பெயர்தான். ஒரே விலையை ஒட்டி இரண்டு இயந்திரங்கள், இரண்டிலும் ரைசன் 5. ஒன்று 7520 யூ, இன்னொன்று 7530 யூ. பார்ப்பவருக்குப் பத்து எண் வித்தியாசம். ஏ.எம்.டி.யின் அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்லும். 2 என்றால் ஜென் 2, அது 2019-இல் வந்தது, நாலு கோர். 3 என்றால் ஜென் 3. இந்த மாடலில் ஆறு கோர். அதைவிட முக்கியம், 7520 யூ பற்றவைத்த ரேமோடு மட்டுமே வேலை செய்யும். 7530 யூ-வில் ஸ்லாட் வைக்கலாம். அந்த ஒற்றை இலக்கத்தில் ஒரு மாணவியின் நாலு வருடம் இருக்கிறது. பெட்டியின் மேல் எங்கேயும் அதை யாரும் எழுதவில்லை.

"தம்பி, இந்த 7530 யூ-வுல ரேம் ஸ்லாட் எத்தனை? மூடியத் திறக்க முடியுமா?"

"8 ஜி.பி. ரேம் சார்."

"அது தெரியுது. ஸ்லாட்?"

அவன் மேனேஜரைக் கேட்டான். மேனேஜருக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்று, கம்பெனியின் தளத்திலிருந்து அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டை மருமகளின் போனில் இறக்கினோம். எண்பது பக்கம் இருக்கும். படத்தோடு இருந்தது. இரண்டு ஸ்லாட்; ஒன்றில் 8 ஜி.பி., மற்றது காலி. எஸ்.எஸ்.டி.யும் கழற்றி மாட்டலாம். பாட்டரிக்கு நாலு திருகு. ரேம் மாற்றும் முறையைக் கம்பெனியே விளக்கியிருந்ததால், மூடியைத் திறந்தாலே வாரண்டி போய்விடும் என்ற பயமும் தீர்ந்தது. எடை ஒன்றரைக் கிலோ. திரை கொஞ்சம் வெளிறியது. இந்த விலைக்கு அதை ஏற்றுக்கொண்டோம். விசைப்பலகையில் அவளை ஒரு பக்கம் அடித்துப் பார்க்கச் சொன்னேன். கடையில் யாரும் இதைச் செய்வதில்லை, ஆனால் தினமும் தொடப்போவது அதைத்தான்.

44,500 ரூபாய். பில் போட்டதும் ரிச்சி தெருவுக்கு நடந்தோம். நான் அப்பாவோடு ஏறி இறங்கிய கடைகளில் பாதி இப்போது கண்காணிப்புக் கேமரா விற்கின்றன. எங்கள் ஊர் அண்ணனும் இப்போது அந்தத் தொழிலில்தான் இருக்கிறார். ஒரு கடையில் 8 ஜி.பி. ரேம் ஒன்று வாங்கினோம், 1,800 ரூபாய். (அன்றே வாங்கியது நல்லதாயிற்று. ஏ.ஐ. தரவு மையங்களுக்காக நினைவகத் தொழிற்சாலைகள் திரும்பியதில் அந்த வருடக் கடைசியில் ரேம் விலை எல்லா இடத்திலும் ஏறிவிட்டது.)

அன்று ராத்திரி எங்கள் வீட்டுக் கூடத்தில் போர்வையை விரித்தேன். மருமகளைத்தான் செய்யச் சொன்னேன். முதலில் மறுத்தாள். "ஒடஞ்சிருச்சுன்னா மாமா?" அணைத்து, சார்ஜர் பிடுங்கி, பத்துத் திருகையும் கழற்றி வரிசையாக ஒரு தட்டில் வைத்தாள். ஓரத்தில் பழைய ஏ.டி.எம். அட்டையைச் செருகி மெல்ல நெம்பினாள். மூடி 'டக்' என்று வந்தது. கையேட்டில் பார்த்த படத்தை அப்படியே உள்ளே பார்த்ததும் அவள் முகம் மாறியதை அக்காவும் கவனித்தாள். முதலில் பாட்டரி இணைப்பை எடுத்தாள். ரேமைச் சாய்வாகச் செருகி அழுத்தினாள். இரண்டு பக்கமும் கொக்கி பிடித்துக்கொண்டது.

"இது எதுக்குடி? இது என்ன?" என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டாள். மருமகள் விரல் வைத்துக் காட்டிச் சொன்னாள். இது ரேம், இது எஸ்.எஸ்.டி., இது ஃபேன், இது பாட்டரி. அப்பா கடை கடையாகக் கேட்ட அதே கேள்விகள்.

மூடி மறுபடி பூட்டப்பட்டது. கணினி கிளம்பியது, 16 ஜி.பி. என்று காட்டியது.

மொத்தச் செலவு 46,300 ரூபாய். விடுதிக்குப் போகும்போது என் சின்னத் திருப்புளியை அவள் எடுத்துப்போய்விட்டாள். ரெட்டை வடம் அக்கா கழுத்தில்தான் இருக்கிறது.